உழைப்புக்கு வரி, குவிந்த சொத்துக்கு விலக்கு

2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில், அமெரிக்காவில் உள்ள வாரிசுரிமை வரியைப் பற்றி காங்கிரஸைச் சேர்ந்த சாம் பிட்ரோடா சொன்ன சில வார்த்தைகள் நாடு முழுவதும் பெரும் சர்ச்சையாயின. கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் வட்டாரத்தில் வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட என்னிடம் அப்போது பலர் பதற்றத்துடன் வந்து கேட்டார்கள். அவர்களில் பெரும் பணக்காரர் எவரும் இல்லை. முப்பது சென்ட் புரயிடமும் (வீட்டோடு சேர்ந்த நிலம்), ஓர் ஏக்கர் ரப்பரும், வளைகுடாவில் இருபது வருடம் கிடந்து சம்பாதித்துக் கட்டிய வீடும், மகளுக்குச் சேர்த்து வைத்த நகையும் உள்ளவர்கள்தாம் தங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாமல் போய்விடுமோ என்று அஞ்சினார்கள். செல்வந்தர்களின் வரியை உயர்த்துவது பற்றிய விவாதம் நம் நாட்டில் ஒவ்வொரு முறையும் இந்த இடத்திலேயே சிக்கிக்கொள்கிறது. கோடிகளில் புரள்பவரின் மீது வர வேண்டிய வரியைக் கண்டு நடுத்தரக் குடும்பங்கள் நடுங்குகின்றன. அந்த நடுக்கத்தின் நிழலில் உண்மையான செல்வந்தர்கள் பத்திரமாக இருந்துவிடுகிறார்கள்.

வரியை உயர்த்த வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் எதன் மீது உயர்த்துவது என்பதில்தான் நம் பேச்சு தடம் மாறிப்போகிறது. வருமான வரியின் உச்ச விகிதம் எவ்வளவு என்பதைப் பற்றியே தொலைக்காட்சிகளில் வாதம் நடக்கிறது. புதிய வரி முறையில் ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் சம்பளத்துக்கு 30 சதவீதம். ஐந்து கோடிக்கு மேல் போனால், வரியின் மீது கூடுதலாகப் போடும் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 39 சதவீதம். இது குறைவான விகிதம் என்று சொல்ல முடியாது. அதே ஐந்து கோடியை ஒருவர் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பட்டியலிடப்பட்ட பங்குகளை விற்ற லாபமாகப் பெற்றால், 2024 ஜூலைக்குப் பிறகு விகிதம் 12.5 சதவீதம், எல்லாக் கூடுதல்களையும் சேர்த்தாலும் 15 சதவீதத்தைத் தாண்டாது. விற்காமல் வைத்திருந்தால், பங்குகளின் மதிப்பு நூறு கோடியிலிருந்து ஐந்நூறு கோடியாக வளர்ந்தாலும், அந்த வளர்ச்சிக்கு வரி கிடையாது. மாதச் சம்பளம் வாங்கும் ஒரு மருத்துவரின் வரி, பணம் அவர் கைக்கு வரும் முன்பே பிடிக்கப்பட்டுவிடுகிறது. குலசேகரத்தில் விடியும் முன்னே எழுந்து ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகும் தொழிலாளி வருமான வரியே கட்டுவதில்லை என்று சிலர் ஏளனமாகச் சொல்வதுண்டு; 2025 செப்டம்பர் 22 வரை அவர் வாங்கிய குளியல் சோப்புக்கும் பிள்ளைக்கு வாங்கிய பிஸ்கட்டுக்கும் 18 சதவீதம் சரக்கு சேவை வரி இருந்தது. அதன் பிறகு அது 5 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்தி. எனினும் அவர் கூலியில் எவ்வளவு பங்கு கடைகளுக்குப் போகிறதோ அந்த அளவுக்கு வரியும் போகிறது. கூலி முழுவதுமே கடைகளுக்குத்தான் போகிறது.

வேளாண் வருமானத்தின் கதையும் இதுவே. அதற்கு மத்திய வருமான வரி இல்லை. இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்து, விலை விழும் ஆண்டுகளில் வெட்டுக்கூலிகூடத் தேறாமல் மரத்தைச் சும்மா விட்டுவிடும் சிறு விவசாயிக்கு இந்த விலக்கு அவசியம்; அதைத் தொடக் கூடாது. ஆனால் இருநூறு ஏக்கர் தோட்டத்துக்கும் விலக்கு அதே விலக்குதான். ரப்பர் பாலை ஆலையில் செறிவூட்டியோ வேறு வகையில் பதப்படுத்தியோ விற்கும் தோட்டங்களுக்கு மட்டும் அந்த வருமானத்தின் 35 சதவீதம் வரிக்குள் வருகிறது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பதைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதப்படும் தான செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு, 2023 ஜூலையில் மாற்றப்பட்ட கட்டணப்படி, முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். ஐந்து லட்சம் ரூபாய் மதிப்புள்ள மூன்று சென்ட் மனையைத் தாய் தன் மகனுக்கு எழுதி வைத்தால் கட்ட வேண்டியது 10,000 ரூபாய், அதாவது இரண்டு சதவீதம். ஐந்து கோடி ரூபாய் மதிப்புள்ள வணிக வளாகத்தைத் தந்தை தன் மகனுக்கு எழுதி வைத்தால் கட்ட வேண்டியது 50,000 ரூபாய், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐம்பது கோடிக்கும் அதே 50,000 ரூபாய்தான். சொத்தே இல்லாமல் பிறந்த ஒருவர், வாங்கிய கடனும் பிடித்த சீட்டும் சேர்த்து 12 லட்சத்துக்கு ஒரு மனையைக் கிரயம் வாங்கினால், 7 சதவீதமும் 2 சதவீதமுமாக 1,08,000 ரூபாய் கட்டுகிறார். கிரயமும் செட்டில்மெண்டும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் செட்டில்மெண்டுக்குள்ளேயே சிறிய சொத்துக்கு இரண்டு சதவீதமும் பெரிய சொத்துக்கு அதில் இருபதில் ஒரு பங்கும் என்று இருப்பதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களுக்கு வைக்கப்பட்ட உச்சவரம்பு, நடைமுறையில் பெரிய குடும்பங்களுக்கே சலுகையாகிவிட்டது.

இதைச் சொல்லும்போது எனக்கு வரும் முதல் எதிர்ப்பு, "வரி கட்டி மிச்சம் பிடிச்ச பணத்துல வாங்குன சொத்து சார், அதுக்குத் திரும்பவும் எதுக்கு வரி?" என்பது. தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் என்னிடம் இதை வருத்தத்துடனே கேட்டார். மதிக்க வேண்டிய கேள்வி. ஆனால் பெரிய சொத்துகளின் இன்றைய மதிப்பில் பெரும்பகுதி யாரும் வரி கட்டிச் சேர்த்ததல்ல. காரோட்டிலிருந்து நாகர்கோவில் பக்கமாக நான்குவழிச் சாலை வரைபடத்தில் ஏறியபோது, அந்தச் சாலைக்காக வீட்டையும் வயலையும் இழந்தவர்கள் இருந்தார்கள். சாலையோரத்தில் நிலம் மிஞ்சி, ஒரு மண்வெட்டி மண்கூடப் புரட்டாமல் அதன் மதிப்புப் பன்மடங்கானவர்களும் இருந்தார்கள். அந்த ஏற்றத்தைக் கொண்டுவந்தது அரசுப் பணத்தில் போட்ட சாலை. விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. விற்காமல் மகனுக்குக் கொடுத்து, அவர் தன் மகனுக்குக் கொடுத்தால் மூன்று தலைமுறைக்கு அந்த ஏற்றம் வரியைச் சந்திப்பதே இல்லை. ஊரை விட்டு அதிகம் தள்ளியிருக்கும் வேளாண் நிலமாக இருந்தால் விற்றாலும் இல்லை.

இரண்டாவது எதிர்ப்பு, நாம் இதையெல்லாம் ஏற்கெனவே செய்து தோற்றுவிட்டோம் என்பது. இதில் பாதி உண்மை. 1973-74இல் வருமான வரியின் உச்ச விகிதம் சர்சார்ஜுடன் 97.75 சதவீதம். உச்ச அடுக்கில் கூடுதலாக நூறு ரூபாய் சம்பாதித்தால் இரண்டேகால் ரூபாய்தான் கையில் நிற்கும் என்றால், கணக்கை மறைக்கத் தோன்றாதவர் அரிது. அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அறிவுள்ள எவரும் கேட்கவில்லை. ஆனால் செல்வ வரி தோற்ற கதை வேறு. பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டோரின் பரிந்துரையை ஒட்டி 1957இல் வந்த அந்த வரி, 1993 முதல் உற்பத்திக்கு உதவாத சொத்துகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. நகை, கார், மனை, கூடுதல் வீடு ஆகியவை வரிக்குள் இருந்தன. பங்குகள் வெளியே போயின. நாட்டின் மிகப் பெரிய செல்வங்கள் எல்லாம் பங்குகளாக இருக்கையில், பங்குகளை விட்டுவிட்டு நகையை எண்ணிக்கொண்டிருந்த வரி 2013-14இல் 1,008 கோடி ரூபாயைத்தான் ஈட்டியது என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தத் தொகை சிறிதாக இருப்பதையே காரணம் காட்டி 2015 நிதிநிலை அறிக்கையில் அருண் ஜெட்லி அதை ஒழித்து, கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதக் கூடுதல் சர்சார்ஜை வைத்தார். இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீது 1953இல் வந்த எஸ்டேட் தீர்வையும் இப்படித்தான் 1985இல், வி.பி. சிங் நிதியமைச்சராக இருந்தபோது போனது. ஓட்டைகளை அடைக்காமல் விட்டு, வசூல் இல்லை என்று வரியையே எடுத்துவிடும் இந்த வழக்கம், வரிக் கணக்கு எழுதும் எனக்கு ஏற்புடையதாகவே இல்லை.

இந்த மாவட்டத்துக்காரருக்கு வரியின் அநீதியை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. திருவிதாங்கூர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் தலைவரி இருந்தது. பனையேறுபவரின் ஏணிக்கும் தளைநாருக்கும், மீனவரின் வலைக்கும் வரி இருந்தது. கோயில்களுக்குரிய தேவஸ்வம் நிலங்களுக்கும் பிராமணர்களுக்குரிய பிரம்மஸ்வம் நிலங்களுக்குமோ வரிவிலக்கும் சலுகையும் இருந்தன. அய்யா வைகுண்டரின் குரல் அந்த வரிகளுக்கு எதிராகவும் எழுந்தது. உழைக்கும் கருவிக்கு வரி விதித்து, படுத்துக் கிடந்த சொத்தை விட்டுவைத்த ஒரு முறையை எதிர்த்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதனால்தான் இன்றைய கணக்குகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

தோமா பிக்கெட்டி, நிதின் குமார் பாரதி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23இல் இந்தியாவின் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் நாட்டின் மொத்தச் செல்வத்தில் 40.1 சதவீதமும், வருமானத்தில் 22.6 சதவீதமும் இருந்தன. பத்துக் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிகரச் சொத்துக்கு ஆண்டுக்கு 2 சதவீத வரியும், அதே அளவைத் தாண்டும் வாரிசுச் சொத்துக்கு 33 சதவீத வரியும் விதிக்கலாம் என்பது அவர்களின் முன்மொழிவு. இந்த விகிதங்களில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. 33 சதவீதத்தை எடுத்த எடுப்பில் கொண்டுவந்தால் நிலமாக மட்டும் சொத்துள்ள குடும்பம் அதை விற்றுத்தான் வரி கட்ட நேரும், ஆகவே குறைந்த விகிதமும் நீண்ட தவணையும் வேண்டும். ஆனால் அந்தப் பத்துக் கோடி வரம்பை நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். முப்பது சென்ட் புரயிடமும் நூறு பவுன் நகையும் வைத்திருப்பவரின் சொத்து அந்த வரம்புக்கு வெகு தொலைவில் இருக்கிறது. அவருக்கு இந்த வரி வராது. அதைச் சட்டத்திலேயே, விலைவாசியோடு வரம்பும் உயரும்படி எழுதிவிடலாம்.

செல்வந்தர்கள் நாட்டை விட்டுப் போய்விடுவார்கள் என்ற அச்சத்திலும் ஓரளவு உண்மை உண்டு. நார்வே 2022இல் செல்வ வரியை உயர்த்திய பிறகு அந்நாட்டுச் செல்வந்தர் சிலர் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். (அவர்கள் போய்ச் சேர்ந்த சுவிட்சர்லாந்திலும் செல்வ வரி இருக்கிறது என்பதை இந்த வாதத்தைச் சொல்பவர்கள் குறிப்பிடுவதில்லை.) இதைத் தடுக்கத்தான் எல்லா நாடுகளும் சேர்ந்து பெரும் செல்வந்தர்களிடம் அவர்கள் செல்வத்தில் குறைந்தபட்சம் 2 சதவீதம் வாங்க வேண்டும் என்று பொருளாதார அறிஞர் கேப்ரியல் ஸக்மன் 2024இல் ஜி-20 நாடுகளுக்குப் பரிந்துரைத்தார். ஆட்கள் போகலாம், தோட்டமும் வளாகமும் ஆலையும் போக முடியாது.

மதிப்பிடுவதுதான் உண்மையான சிக்கல். பத்திரத்தில் எழுதும் தொகை ஒன்று, கைமாறும் தொகை வேறொன்று என்பது இங்கே யாவரும் அறிந்தது. நிலத்துக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பைச் சந்தை விலையோடு ஒட்டி வைத்திருக்காமல் எந்தச் சொத்து வரியும் நியாயமாக நடக்காது. பட்டியலிடப்பட்ட பங்குகளிலும் வைப்புத்தொகைகளிலும் அந்தத் தொல்லை இல்லை. பான் எண்ணுடன் எல்லாம் பதிவில் இருக்கின்றன.

இன்னொன்று, தமிழ்நாட்டுக்காரர்கள் உரக்கக் கேட்க வேண்டியது. செல்வந்தர் மீதான கூடுதல் வரி சர்சார்ஜ் என்ற பெயரில் வந்தால், அரசியலமைப்பின்படி அது முழுவதும் மத்திய அரசுக்கே போகும். அடிப்படை வரியாக வந்தால்தான் மாநிலங்களுக்கான 41 சதவீதப் பகிர்வில் சேரும். 2015இல் செல்வ வரிக்குப் பதிலாக வந்ததும் சர்சார்ஜ். 2019இல் இரண்டு கோடிக்கும் ஐந்து கோடிக்கும் மேல் சம்பாதிப்பவர்களுக்கு உயர்த்தப்பட்டதும் சர்சார்ஜ். மும்பையில் ஒரு செல்வந்தர் கூடுதலாகக் கட்டிய பணத்தில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, கடலரிப்பில் வீடிழக்கும் தூத்தூர் பகுதிக் கிராமங்களின் தூண்டில் வளைவுக்கோ மாநில அரசுக்கு உரிமையாக ஒரு பைசா வரவில்லை. பழைய எஸ்டேட் தீர்வையின் வருவாய் மாநிலங்களுக்கே பகிர்ந்தளிக்கப்பட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

டெல்லிக்காகக் காத்திராமல் மாநில அரசு செய்யக்கூடியதும் உண்டு. செட்டில்மெண்டுக்கான உச்சவரம்பை ஐந்து கோடி ரூபாய் மதிப்பு வரைக்கும் இப்போதுள்ளபடியே வைத்துவிட்டு, அதற்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் ஒரு சதவீதத் தீர்வையை வரம்பில்லாமல் வாங்கலாம். ஒரே சொத்தைப் பல பத்திரங்களாகப் பிரித்து எழுதித் தப்பிப்பார்கள். அதற்கு ஒருவர் தன் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்ததையெல்லாம் பத்தாண்டுகளுக்குச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அப்போதும் பெரிய குடும்பங்கள் செட்டில்மெண்டை விட்டுவிட்டு உயிலுக்கு மாறும், ஏனெனில் உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. வேளாண் நிலத்தின் வாரிசுரிமைக்கு மட்டுமே மாநிலம் வரி விதிக்க முடியும். மற்றச் சொத்துகளுக்கு அந்த அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. அந்தக் கதவை அடைக்க 1985இல் கைவிட்ட தீர்வையை, உயர்ந்த வரம்போடும் தாங்கக்கூடிய விகிதத்தோடும், சர்சார்ஜாக இல்லாமல் பகிர்வுக்குரிய வரியாகவே, நாடாளுமன்றம் திரும்பக் கொண்டுவர வேண்டும்.