மாமா பார்த்த இரண்டாவது வால்மீன்

2024 செப்டம்பர் 30, விடிகாலை நாலு மணி. ஆலங்காயத்தில் மாமா வீட்டு வாசலில் பைக்கைக் கிளப்பினேன். முந்தின நாள் வேலூரில் மொட்டை மாடியில் நின்று வால்மீனைத் தேடிப் பார்த்தேன். மேகமும் தெருவிளக்கு வெளிச்சமும்தான் கண்ணில் பட்டன. ஜவ்வாது மலைக்கே போய்விடலாம் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

மாமா சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். "பாகிஸ்தான் சண்டை முடிஞ்ச கையோட ஒண்ணு வந்துச்சு மாப்ள. எங்கப்பா எழுப்பிக் காட்டினாரு. தொடப்பத்தை நிறுத்தி வச்ச மாதிரி நின்னுச்சு." அது 1965 அக்டோபரில் வந்த இகேயா-செகி வால்மீன். மாமாவுக்கு அப்போது எட்டு வயது.

காவலூர் போகும் சாலையில், கிழக்கை மலை மறைக்காத ஒரு வளைவில் நிறுத்தினோம். நல்ல குளிர். வியாழன் உச்சிக்குப் பக்கத்தில் பளிச்சென்று இருந்தது. கிழக்கே மக நட்சத்திரம், அதற்குக் கீழே மெல்லிய பிறை.

நாங்கள் தேடி வந்த வால்மீன் சுச்சின்ஷான்-அட்லஸ். அது மூன்று நாள் முன்புதான் சூரியனுக்கு மிக அருகில், கிட்டத்தட்ட புதன் இருக்கும் தூரத்துக்குப் போய்த் திரும்பியிருந்தது. அதனால் சூரியனை விட்டு அதிகம் விலகாது. அது அடிவானத்துக்கு மேலே ஏறுவதற்கும் வானம் வெளுப்பதற்கும் நடுவே அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. என்னிடம் இருந்தது பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர். கை நடுங்காமல் இருக்க முழங்கையை பைக் சீட்டில் ஊன்றிக்கொண்டு, பிறைக்கு வலப்பக்கம் தாழ்வாக, அடிவானத்தை ஒட்டி மெல்ல மெல்லத் துழாவினேன்.

ஐந்து மணி தாண்டிச் சில நிமிடத்தில் மாட்டியது. கீழே ஒரு வெள்ளைப் புள்ளி. அதிலிருந்து மேல்நோக்கிப் புகை மாதிரி வால். சூரியன் கீழே இருக்கிறது, வால் அதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. படத்தில் நூறு தடவை பார்த்ததுதான், ஆனாலும் தொண்டை அடைத்துவிட்டது. இடம் தெரிந்தபின் வெறுங்கண்ணுக்கும் மங்கலாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் நின்று பார்த்ததில் எனக்கு இன்னொரு நிறைவும் உண்டு. காவலூரில் வானாய்வகம் வரக் காரணமான வைணு பாப்பு, 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர். பாப்பு-போக்-நியூகிர்க் என்று மூவர் பெயர் அதற்கு. அவர் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி இதே மலையில் இருக்கிறது.

மாமா பைனாகுலரை வாங்கியவர் திருப்பித் தரவில்லை. "அன்னைக்குப் பார்த்தது வானத்துல பாதி உசரம். இது சின்னது. ஆனா அதே மாதிரிதான் நிக்குது."

"திரும்பி வருமா?" என்று கேட்டார். பல்லாயிரம் வருஷத்துக்கு வராது என்றேன்.

உடனே போனை எடுத்து வாணியம்பாடிக்கு, மகளுக்குப் போட்டார். "புள்ளைய எழுப்பும்மா. மாடிக்குக் கூட்டிப் போ. கிழக்கே, பிறைக்கு வலப்பக்கம். சீக்கிரம், வெளுத்துடும்."