பத்துப் பேரும் செத்துவிட்டால் வசனம் பேசுவது யார்?

அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' (1939) நாவலைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. கொலையாளி யார் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் முடிவைத் தொடாமல் இதன் மேடை வடிவத்தைப் பற்றிப் பேச வழியில்லை.

டெவன் கரையோரம் ஒரு தீவு, பத்துப் பேர், ஒரு கிராமபோன் தட்டு. சட்டத்திடமிருந்து தப்பிய ஒரு சாவுக்கு ஒவ்வொருவரும் காரணம் என்கிறது தட்டு. பிறகு குழந்தைப் பாட்டு ஒன்றின் வரிசைப்படி ஒவ்வொருவராக விழுகிறார்கள். நாவலின் கடைசியில் பத்தும் பிணம். போலீஸ் விழிக்கிறது. கடலில் கிடைத்த புட்டிக்குள் இருந்த வாக்குமூலம்தான் முடிச்சை அவிழ்க்கிறது.

மேடையில் புட்டியை யார் திறப்பது, யார் படிப்பது? 1943இல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டருக்காகக் கிறிஸ்டியே இதை நாடகமாக்கினார். பாட்டுக்கு ஏற்கெனவே இரண்டு கடைசி அடிகள் புழக்கத்தில் இருந்தன: ஒன்றில் தூக்கு, மற்றதில் கல்யாணம். நாடகத்துக்குக் கல்யாணத்தை எடுத்துக்கொண்டார். பத்துப் பேரில் வீரா என்ற பெண்ணும் லம்பார்ட் என்ற ஆணும் பிழைக்கிறார்கள். கொலையாளி நேரில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் விலை அதிகம். பிழைத்தவர்கள் நிரபராதிகளாக இருந்தாக வேண்டும். குற்றவாளிகள் மட்டுமே கூடிய தீவு என்ற கதையின் முதுகெலும்பு அங்கே முறிகிறது. 1945இல் ரெனே கிளேர் எடுத்த படமும் இதே வழியில்தான் போனது. 1987 சோவியத் படம் நாவலின் முடிவை விடவில்லை. 2015 பிபிசி தொடரில், கழுத்தில் சுருக்கோடு தவிக்கும் வீராவிடமே கொலையாளி வந்து பேசுகிறார். புட்டிக்கு இதுவரை வந்த மாற்றுகளில் இதுதான் சிறந்தது.

நாடகம் போடுபவர்களைப் படுத்துவது முடிவு மட்டுமல்ல, கணப்பு அடுப்புக்கு மேலுள்ள தட்டில் பத்துப் பேருக்கும் அடையாளமாக நிற்கும் பத்துப் பொம்மைகளும்தான். ஒவ்வொரு சாவுக்கும் ஒன்று மறைய வேண்டும், அதுவும் ஆட்கள் மேடையில் நடமாடும்போதே. பொம்மை உள்ளங்கையில் அடங்க வேண்டும். கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். இரண்டும் ஒத்துவராது. அந்தத் தட்டின் பின்சுவர் கறுப்பாகவும் பொம்மை வெளிர் நிறமாகவும் இருந்தால் சின்னதே போதும். சம இடைவெளியில் நிறுத்துங்கள். ஒன்று போனால் பல் விழுந்த இடம்போலக் கண்ணில் குத்தும். பீங்கான் வேண்டாம், அவசரத்தில் விழுந்து உடையும். மரத்தில் செய்து வண்ணம் பூசினால் போதும். எடுக்கும் நேரம் முந்திவிட்டால், சாவுக்கு முன்பே எண்ணிப் பார்த்த யாராவது சிரித்துவிடுவார்கள்.

நம் ஊரில் எஸ். பாலச்சந்தரின் 'நடு இரவில்' (1970) படம் தீவு பங்களாவையும் தொடர் கொலைகளையும் எடுத்துக்கொண்டு, கூடுபவர்களைச் சொந்தக்காரர்களாக்கியது. பழைய பாவக் கணக்கு போய்ச் சொத்துக் கணக்கு வந்தது. தமிழ்க் குடும்பக் கதைக்கு அது பொருந்தத்தான் செய்கிறது.

இன்னொரு சிக்கல்: கதையில் ஒரு பிணத்தை ஒரே ஒருவர்தான் நாடி பார்த்து 'போய்விட்டார்' என்கிறார்; உண்மையில் அந்த ஆள் அப்போது சாகவில்லை. நாவலில் அதை நம்பிவிடுகிறோம். மேடையிலும் கவலையில்லை; நாடகப் பிணங்கள் எல்லாமே மூச்சு விடும், பார்ப்பவர்களும் பெரிதுபடுத்துவதில்லை. கேமரா அப்படி விடாது. மற்ற பிணங்களை நெருக்கத்தில் நான்கு விநாடி காட்டிவிட்டு இதை மட்டும் சட்டென்று வெட்டினால், கூர்ந்து பார்ப்பவர் பிடித்துவிடுவார். முதல் பிணத்திலிருந்தே எல்லாவற்றையும் ஒரே அளவுக்குச் சுருக்கமாக வெட்டி வரவேண்டும்.