அது வெறும் மணல் இல்லை

கடற்கரையில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று காட்டும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வரைபடம் வெளியானதும், அதை கூகுள் எர்த்தில் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திப் பார்ப்பதுதான் எங்கள் முதல் வேலை. சென்னைக்குத் தெற்கே ஒரு மீனவ ஊருக்கு அப்படிப் பார்த்தோம். வீடுகள் இருந்தன, கோயில் இருந்தது, வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே ஒன்றுமே குறிக்கவில்லை. அந்த ஊரின் பிழைப்பே அந்த மணலில்தான் நடக்கிறது.

மீனவர்களின் பொது இடங்களை, மீன் காயவைக்கும் களம், படகுத்துறை, ஐஸ் பிளாண்ட் உட்பட, வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய மத்திய அரசின் 2011 அறிவிக்கையே சொல்லியிருந்தது. 2019 அறிவிக்கை வந்தபிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமப்புறக் கடற்கரையில், கட்டடம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்குகிறது. அந்த 50 மீட்டருக்கு அப்பால் கருவாட்டுக் களம் இருந்து, அது வரைபடத்தில் இல்லை என்றால், பார்ப்பவர்களுக்கு அது காலி மனை.

வரைந்தவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் பல காலை பத்து, பத்தரை வாக்கில்தான் தலைக்கு மேல் போகின்றன. மீன் ஏலம் எட்டு மணிக்கே முடிந்து, கூடைகளும் கூட்டமும் போய்விட்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் மணல்தான் தெரியும்.

அதனால் நடந்தே வரைவது என்று முடிவு செய்தோம். காலை ஆறரைக்குக் கிளம்பினோம், வெயில் ஏறினால் திரையில் ஒன்றும் தெரியாது, மணலிலும் கால் வைக்க முடியாது. கருவாடு போடும் ஒரு ஆயா, நடக்கும் தடத்தை ஜிபிஎஸ்ஸில் பதிவு செய்யும் போனைக் கையில் வாங்கிக்கொண்டு களத்தின் ஓரமாகவே நடந்தார், நான் பின்னால் போனேன். ஒரு இடத்தில் நேராகப் போகாமல் வளைந்து போனார். ஏன் என்று கேட்டேன். "இது அவங்க வலை காயப்போடுற எடம் தம்பி, நம்ம களம் இதோட முடிஞ்சுது." தரையில் ஒரு கல் கூட இல்லை. ஆனால் இரண்டு பக்கத்தாரும் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. மாலையில் அந்தத் தடத்தை, கூகுள் எர்த்தில் திறக்கக்கூடிய கேஎம்எல் கோப்பாக மாற்றி கணினியில் திறந்தபோது, அந்த வளைவு அப்படியே விழுந்திருந்தது. ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் முன்னே பின்னே காட்டத்தான் செய்யும், பரவாயில்லை, வளைவு இருக்கிறதே!

அப்புறம் பஞ்சாயத்தார் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "எல்லாத்தையும் வரைஞ்சு குடுத்துட்டா, நாளைக்கு இதையே காட்டி ஆக்கிரமிப்புன்னு சொல்ல மாட்டாங்களா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த நிலம் வருவாய்ப் பதிவேட்டில் புறம்போக்கு, யாரிடமும் பட்டா கிடையாது, அவர் பயப்படுவது நியாயம். அன்று இரவு வெகுநேரம் பேசினோம். பொது இடங்களை மட்டும் அனுப்புவது, வீட்டு எல்லைகளை ஊரிலேயே வைத்துக்கொள்வது, இணையத்தில் எதைப் போடலாம் என்பதை ஊர்தான் சொல்வது என்று முடிவானது. இந்தக் கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இப்போது எந்த ஊருக்குப் போனாலும் போனை எடுப்பதற்கு முன் இதைத்தான் கேட்கிறேன்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் முன்பெல்லாம் "எங்க களத்தைக் காணோம்" என்று சொன்னால் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இந்த முறை சர்வே எண்ணோடு, தடத்தோடு மனு கொடுத்தார்கள். எந்த இடம் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள், ஆயாவே எழுந்து போய் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

இறுதி வரைபடம் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. எங்கள் பிரதி ஒன்று ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. போன வாரம் போனபோது அதில் யாரோ பேனாவால் புதிதாக ஒரு வட்டம் போட்டிருந்தார்கள், கோயிலுக்குப் பின்னால். ஐப்பசி மழையில் படகுகளை ஏற்றி வைக்கும் இடமாம். நாங்கள் நடந்தது பங்குனியில்.