சுவரில் ஒரு தொடுதிரை: ஃபர்ம்வேர் மாற்றும் நாட்குறிப்பு

2024 ஜூன் 1, சனி

சோனாஃப் என்எஸ்பேனல் என்ற சுவர் சுவிட்ச் பலகை இரண்டு வந்து சேர்ந்துவிட்டன. 3.5 அங்குலத் தொடுதிரை, அதன் கீழே கையால் அழுத்தும் இரண்டு பொத்தான்கள், உள்ளே விளக்குகளை இணைக்க இரண்டு ரிலே (மின்சமிக்ஞையால் இயங்கும் சுவிட்ச்). வெளியே தெரிவது இவ்வளவுதான். உள்ளே இருப்பவை உண்மையில் இரண்டு கணினிகள். ரிலே, பொத்தான், வைஃபை ஆகியவற்றைக் கவனிப்பது எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி32 சிப். திரைக்குப் பின்னால் தனக்கென ஒரு செயலியும் நினைவகமும் கொண்ட நெக்ஸ்டியன் வகைக் காட்சிப் பலகை தனியாக இயங்குகிறது. இரண்டும் ஒரு சீரியல் இணைப்பின் வழியாகப் பேசிக்கொள்கின்றன. ஆகவே ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் பதிந்திருக்கும் மென்பொருளை, மாற்றுவது என்றால் இரண்டையும் மாற்ற வேண்டும் என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தொழிற்சாலை மென்பொருளிலும் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், இணையம் தேவையில்லை. ஆனால் திரையில் என்ன தெரிய வேண்டும், எந்தப் பக்கத்தில் எந்தக் கருவி இருக்க வேண்டும் என்பதை முழுவதும் நானே தீர்மானிக்கவும், வீட்டுச் செய்திகள் வீட்டுக்குள்ளேயே சுற்றவும் விரும்புகிறேன். இஎஸ்பி32-இல் ஏற்ற டாஸ்மோட்டா, இஎஸ்பிஹோம் என இரண்டு மாற்று ஃபர்ம்வேர்கள் இருக்கின்றன. டாஸ்மோட்டாவில் திரையோடு பேசப் பெர்ரி மொழியில் எழுதிய நிரல்கள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அவசரக்காரர்களுக்கு அதுவே ஏற்றது. முழு நடத்தையையும் ஒரே யாம்ல் கோப்பில் (எளிய உரை வடிவிலான அமைப்புக் கோப்பு) எழுதி, பிறகு எப்போது வேண்டுமானாலும் வாசித்துப் புரிந்துகொள்ள முடிகிறது என்பதால் நான் இஎஸ்பிஹோமைத் தேர்ந்தெடுத்தேன்.

விதி ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன். வீட்டுக் கருவிகளை ஒருங்கிணைக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள் ஓடும் சர்வர், அதாவது ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினி, அணைந்தாலும், ரவுட்டர் பழுதானாலும், திரை கருத்துப்போனாலும், அம்மா பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தாக வேண்டும். மற்ற வசதிகள் யாவும் அதற்குப் பிறகுதான்.

2024 ஜூன் 2, ஞாயிறு

மின் இணைப்பு எதுவும் இல்லாமல் மேசையில் வைத்தே பேனலைத் திறந்தேன். 230 வோல்ட் வந்து சேரும் அடிப்பாகம் வேறு, திரையும் இஎஸ்பி32-உம் உள்ள முன்பாகம் வேறு. இழுத்தால் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. இந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் சுவர் மின்சாரம் வரும் பாகத்தை அடுத்த அறையில் வைத்துவிட்டு வேலை செய்யலாம். மின்சாரத்தில் இணைந்திருக்கும் பலகையில் யூஎஸ்பி கம்பியைச் செருகுவது கணினிக்கும் கைக்கும் சேர்த்து ஆபத்து. அதைச் செய்ய வேண்டிய தேவை இந்த வேலையில் எங்குமே வராது.

யூஎஸ்பி-சீரியல் அடாப்டரை 3.3 வோல்ட்டில் வைக்க வேண்டும். 5 வோல்ட் சமிக்ஞை இஎஸ்பி32-இன் கால்களுக்கு (பின்களுக்கு) ஒவ்வாது. பலரும் கவனிக்காத இன்னொன்று மின்னோட்டம். பரவலாகக் கிடைக்கும் எஃப்டி232ஆர்எல் சிப் தன் 3.3 வோல்ட் காலில் 50 மில்லியாம்பியர்தான் தரும். இஎஸ்பி32-க்குக் குறைந்தது 500 மில்லியாம்பியர் தரவல்ல மின்வழங்கி வேண்டும் என்று எஸ்பிரெசிஃப் பரிந்துரைக்கிறது. பாதியில் தொடர்பு அறுந்துபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம் என்பதால், ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் உள்ள ஒரு சிறு பலகையிலிருந்து தனியாக மின்சாரம் கொடுத்து, கிரவுண்டை மட்டும் பொதுவாக இணைத்தேன்.

ஜிபிஐஓ 0 என்ற காலைக் கிரவுண்டில் சேர்த்துப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால் சிப் தன் வழக்கமான நிரலைத் தொடங்காமல் நிரலேற்றத்திற்குக் காத்திருக்கும். அந்த நிலையில், எதையும் எழுதுவதற்கு முன்பு, இஎஸ்பிடூல் என்ற நிரலைக் கொண்டு பழைய ஃபர்ம்வேரை முழுமையாகப் படித்து எடுத்து வைத்தேன். ஃபிளாஷ் நினைவகம் 4 எம்பி. நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் அதைப் படிக்க ஏறக்குறைய ஆறு நிமிடங்கள் ஆகின்றன. இன்னொரு முறை படித்து, இரண்டு கோப்புகளின் செக்சம்மும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றாக இருப்பதைப் பார்த்த பிறகே அதைக் காப்புப் பிரதி என்று நம்பினேன். இந்தக் கோப்பை யாருக்கும் அனுப்பக் கூடாது. பேனலை ஒருமுறை வைஃபையில் இணைத்திருந்தால் கடவுச்சொல்லும் அதற்குள் இருக்கக்கூடும்.

சிப்பில் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய ஈஃபியூஸ்களின் நிலவரத்தையும் பார்த்துக்கொண்டேன். சில கருவிகளில் உற்பத்தியாளர்கள், தங்கள் கையொப்பமுள்ள நிரலை மட்டும் ஓடவிடும் ‘செக்யூர் பூட்’ ஏற்பாட்டை நிரந்தரமாகப் பொறித்துவிடுகிறார்கள். அப்படிப் பொறித்ததை அழிக்க வழியில்லை, வேறு ஃபர்ம்வேர் அதில் ஓடாது. இதில் அந்த ஏற்பாடு இல்லை.

2024 ஜூன் 5, புதன்

இரவு முழுக்க யாம்ல் கோப்பு. கால்களின் பட்டியல் பல இடங்களில் ஒத்துப்போகிறது: பொத்தான்கள் 14, 27; ரிலேக்கள் 22, 19; திரையின் சீரியல் 16, 17; ஒலிப்பான் 21. திரைக்கு மின்சாரம் தருவது 4-ஆம் கால், அதுவும் தலைகீழாக இயங்குகிறது: சமிக்ஞை தாழ்ந்தால்தான் திரைக்கு மின்சாரம் போகும்.

பொத்தானையும் ரிலேயையும் இணைக்கும் வரிகளை ஹோம் அசிஸ்டென்டில் எழுதாமல் பேனலுக்குள்ளேயே எழுதினேன். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கோப்புகள் சிலவற்றில் பொத்தானை அழுத்தினால் செய்தி சர்வருக்குப் போய், சர்வர் கட்டளையிட்ட பிறகே ரிலே திரும்புகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே நடக்கும். சர்வர் அணைந்த அன்றுதான் வேறுபாடு தெரியும்.

அதைவிட மறைவான ஒன்று, இஎஸ்பிஹோமின் இயல்பமைப்பு. ஏபிஐ என்ற வலையமைப்பு இணைப்பின் வழியாக ஹோம் அசிஸ்டென்ட் 15 நிமிடங்களுக்கு வந்து சேரவில்லை என்றால், கருவி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். வைஃபை கிடைக்காவிட்டாலும் அப்படியே. சென்சார்களுக்கு இது நல்ல ஏற்பாடு. விளக்கைத் தாங்கும் ரிலேயில் இதை விட்டுவைத்தால், சர்வர் அணைந்த இரவில் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வீட்டு விளக்குகள் அணையும். இரண்டு இடங்களிலும் அந்தக் காலத்தைச் சுழியமாக்கினேன்.

மின்தடைக்குப் பிறகு ரிலே எந்த நிலையில் எழ வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூடத்தில் பழைய நிலையை மீட்கச் சொன்னேன். படுக்கையறையில் எப்போதும் அணைந்தே எழும். பின்னிரவு இரண்டு மணிக்கு மின்சாரம் திரும்பும்போது விளக்கு முகத்தில் எரிவதை யாரும் விரும்புவதில்லை.

2024 ஜூன் 8, சனி

முதல் ஏற்றம் சீரியல் கம்பி வழியாக முடிந்தது. இனி வருபவை வைஃபை வழியாகவே போகும். ஃபிளாஷில் நிரலுக்கு இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பதால், புதியது முழுமையாக வந்து சேரும் வரை பழையது அழியாமல் இருக்கும்.

கம்பிகளை எல்லாம் கழற்றி, இரண்டு பாகங்களையும் சேர்த்து, எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் இரவல் வாங்கிய சீரிஸ் போர்டில் இணைத்தேன். 100 வாட் குண்டு பல்பு தொடரில் இருப்பதால், உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும், ஃபியூஸ் போகாது. பல்பு எரியவில்லை, பேனல் உயிர்பெற்றது, ரிலே சொடுக்கியது.

பிறகு ராஸ்ப்பெரி பையை அணைத்தேன், ரவுட்டரையும் அணைத்தேன். மதிய உணவு முடித்து வரும் வரை ரிலே தன் நிலையிலேயே இருந்தது. பொத்தான்களும் வேலை செய்தன.

இஎஸ்பிஹோமின் பாதுகாப்பு முறை பற்றி ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடம்கூட நிலைக்காமல் பத்து முறை தொடர்ந்து தொடக்கம் தோற்றால், வைஃபையும் புதுப்பிப்பும் தவிர வேறு எதையும் இயக்காமல் கருவி காத்திருக்கும். தவறான கோப்பை ஏற்றிவிட்டால் பேனலைச் சுவரிலிருந்து கழற்றாமல் மீள இது உதவும். ஆனால் அந்த நேரத்தில் பொத்தான் வேலை செய்யாது, அதாவது என் விதி முறியும். மழைக்காலத்தில் மின்சாரம் விட்டுவிட்டு வந்தால் எண்ணிக்கை கூடுமே என்று கணக்கிட்டுப் பார்த்தேன். இடையில் ஒரு நிமிடம் நின்றாலே எண்ணிக்கை சுழியத்திற்குத் திரும்பிவிடும், பாதுகாப்பு முறைக்குள் போனாலும் இயல்பாக ஐந்து நிமிடங்களில் தானே மறுதொடக்கம் ஆகிவிடும். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

2024 ஜூன் 9, ஞாயிறு

இன்று திரை. நெக்ஸ்டியன் திரைக்கான பக்கங்களை அதன் எடிட்டரில்தான் வரைய முடியும். அந்த எடிட்டரோ விண்டோஸில் மட்டும் ஓடும். வரைந்ததை டிஎஃப்டி கோப்பாக மாற்றித் திரைக்குள் ஏற்ற வேண்டும். பிறகு இஎஸ்பி32 அனுப்பும் ஒவ்வொரு கட்டளையும் வெறும் எழுத்து வரியே. முடிவில் 255 என்ற மதிப்புள்ள மூன்று பைட்டுகள் வந்தால் வரி முடிந்தது என்று திரை புரிந்துகொள்ளும்.

ஆயத்த வடிவமைப்புகள் அழகாகவே இருக்கின்றன, ஆனால் எனக்குத் தமிழ் வேண்டும். அங்கேதான் வேலை நீண்டது. இந்தத் திரையின் எழுத்துரு என்பது ஒவ்வொரு குறிக்கும் ஒரு புள்ளிப்படம் என்ற எளிய ஏற்பாடு. யூனிகோடில் ‘மை’ என்பது மகரத்துக்குப் பிறகு ஐகாரக் குறி என்ற வரிசையில் இருக்கிறது. அந்தக் குறியை இடப்பக்கம் நகர்த்துவதும், ‘கு’வை ஒரே வடிவமாகச் சேர்ப்பதும் ஷேப்பிங் (எழுத்து வடிவாக்க) மென்பொருளின் பணி. கைப்பேசியிலும் கணினியிலும் அது நமக்குத் தெரியாமலே நடக்கிறது. இந்தத் திரையில் அப்படி ஒன்றும் கிடையாது. ‘சமையலறை விளக்கு’ என்று அனுப்பினால் குறிகள் தனித்தனியாகச் சிதறி நிற்கும்.

மாறாத பெயர்களை எல்லாம் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதிப் படங்களாக்கிச் சேர்த்துவிட்டேன். 200-க்கு 50 புள்ளிகள் கொண்ட ஒரு படம், புள்ளிக்கு 16 பிட் வீதம், 20,000 பைட்டுகள்தான். ஒவ்வொரு பெயருக்கும் எரியும் நிலைக்கு ஒன்று, அணைந்த நிலைக்கு ஒன்று என வைத்தாலும் இடம் நெருக்கவில்லை. மணி, வெப்பநிலை போன்ற மாறும் எண்களுக்கு மட்டும் எழுத்துரு. கிழமைகள் ஏழும் படங்களே. ‘திங்கள்’ வேண்டுமென்றால் அந்தப் படத்தின் எண்ணை இஎஸ்பி32 அனுப்புகிறது. கொஞ்சம் பழங்கால அச்சுக்கூட வேலைதான், ஆனால் எழுத்து வடிவம் முழுக்க என் கையில் இருக்கிறது. பெரியவர்கள் எட்ட நின்று வாசிக்கும் அளவுக்குத் தடிமனாக வைத்திருக்கிறேன்.

2024 ஜூன் 15, சனி

டிஎஃப்டி கோப்பை ஏற்றியாகிவிட்டது. இஎஸ்பி32 கோப்பை வைஃபையில் வாங்கி, 4096 பைட்டுகள் கொண்ட துண்டுகளாகத் திரைக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் திரை ஒப்புதல் தந்த பிறகே அடுத்தது போகிறது. நொடிக்கு 1,15,200 பிட் என்ற பழைய வேகத்திலேயே அனுப்பினால் 6 எம்பி கோப்புக்கு ஒன்பது நிமிடங்களுக்குமேல் பிடிக்கும், 9,21,600-க்கு உயர்த்தினால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு நேரம் போதும். நடுவில் மின்சாரம் போய்விடக் கூடாது என்று இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்தே செய்தேன்.

மாலையில் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். இந்த ஐரோப்பிய மாதிரி 60 மில்லிமீட்டர் வட்டப் பெட்டிக்கு உரியது. நம் ஊர் மாடுலர் பெட்டிகள் செவ்வகம். பழைய போர்டை ஒட்டிச் சுவரைக் கொத்திப் புதிய பெட்டி பதிக்க வேண்டியிருந்தது. இந்த பேனலுக்கு நியூட்ரல் கட்டாயம். “பக்கத்துல அஞ்சு பின் சாக்கெட் இருக்குதுங்க தம்பி, நியூட்ரல் அங்கியே கெடைக்கும்” என்று டெஸ்டரை எடுத்தார். எம்சிபியை இறக்கி, டெஸ்டரில் பார்த்து, பிறகே கம்பியைத் தொட்டார்.

ஒவ்வொரு ரிலேயும் 2 ஆம்பியர் தாங்கும். எல்இடி விளக்குகளுக்கும், 75 வாட் சீலிங் ஃபேனுக்கும் தாராளம். ஃபேன் ரெகுலேட்டர் பழைய போர்டிலேயே இருக்கிறது. ரிலே அதற்கு முன்னால் ஆன்-ஆஃப் மட்டும் செய்யும். 2000 வாட் கீசர் 8 ஆம்பியருக்குமேல் இழுக்கும் என்பதால் அதை இந்தப் பேச்சிலேயே சேர்க்கவில்லை. “எல்லாஞ் செரி, இதுல சுவிட்சு எங்கீங்க?” என்றார் அண்ணன். திரைக்குக் கீழே இருந்த பொத்தானைக் காட்டினேன்; நான்கைந்து முறை அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

2024 ஜூன் 20, வியாழன்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பகல் முடிந்து மின்சாரம் வந்தபோது பேனல் எழுந்து, ரவுட்டர் தயாராகும் முன்பே பொத்தானுக்குப் பதில் தந்தது. நேரம் மட்டும் இணையம் வந்த பிறகு சரியானது. அதுவரை தவறான மணியைக் காட்டாமல் கோடுகளைக் காட்டும்படி முன்பே எழுதியிருந்தேன்.

2024 ஜூன் 22, சனி

இஎஸ்பிஹோம் 2024.6 இந்த வாரம் வெளிவந்திருக்கிறது. யாம்ல் கோப்பில் ஓடிஏ (வைஃபை வழிப் புதுப்பிப்பு) பகுதியை எழுதும் முறை மாறியிருக்கிறது. இனி எந்த பிளாட்ஃபார்ம் என்று குறிப்பிட வேண்டும். இரண்டு வரி மாற்றம்தான். ஆனாலும் சுவரில் இருக்கும் கருவிக்குப் புது வெளியீடு வந்த அன்றே ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. மேசையில் இருக்கும் இரண்டாவது பேனலில் முதலில் ஓடட்டும், சில வாரங்கள் கழித்துக் கூடத்துக்குப் போகும்.

உள்ளிருக்கும் வெப்ப உணரி அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. அதே கூட்டுக்குள் மின்வழங்கியும் பின்னொளியும் சூடாவதால் இது எதிர்பார்த்ததே. ஒரு நிலையான எண்ணைக் கழித்தால் போதாது, ஏனென்றால் திரை பிரகாசமாக இருக்கும்போது வேறுபாடும் கூடுகிறது. அறை வெப்பநிலைக்கு அலமாரி மேல் தனி சென்சார் வைத்து, அதன் எண்ணையே திரைக்கு அனுப்புகிறேன். இரவு பத்துக்குமேல் பின்னொளி மங்கிவிடும்.

யாம்ல் கோப்பு, காப்புப் பிரதி, எடிட்டர் மூலக்கோப்பு ஆகியவற்றை ஒரு பென்டிரைவில் இட்டு, எந்த ரிலே எந்த விளக்கு, எந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது, பேனலைக் கழற்றிவிட்டுச் சாதாரண சுவிட்ச் போட வேண்டுமானால் எதை எதோடு இணைக்க வேண்டும் என்பதைத் தமிழில் அச்சிட்டு, எம்சிபி பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நாளில் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தால் அவருக்கு அந்தத் தாள் போதும். படுக்கையறைப் பெட்டிக்குச் சுவர் கொத்த அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.