கோபி மஞ்சூரியன் ஊறிப்போன வாரம்

14 ஜூன் 2025, சனி

கோபமாக இருக்கிறது, எழுதிவிட்டுத்தான் தூங்கப் போகிறேன். அக்கா பிள்ளைகளோடு தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறாள். ரயில் ஏறும்போதே சின்னவன் சைனீஸ் வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டானாம், அதனால் அயனாவரத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் பல வருஷமாக இருக்கும் அந்தச் சின்னக் கடையிலேயே ஆப் வழியாக ஆர்டர் போட்டேன். சிக்கன் ஃப்ரைட் ரைஸ், வெஜ் ஹக்கா நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன் டிரை, சில்லி சிக்கன், ஹாட் அண்ட் சோர் சூப். பேக்கிங் சார்ஜ், டெலிவரி, வரி எல்லாம் சேர்த்து 1,140 ரூபாய்.

நடந்து போகிற தூரம்தான், வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சரி, சனிக்கிழமை கூட்டம், அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் கறுப்பு டப்பாவைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் முழுக்க நீர் கோத்து நிற்கிறது. டிரை என்று கேட்ட கோபி குழம்பில் போட்ட வடை மாதிரி ஊறிக் கிடக்கிறது. ஒரு துண்டை எடுத்தால் மேல்மாவு தனியாகக் கழன்று கையோடு வருகிறது, உள்ளே தண்டு நறுக்கென்று பச்சையாக இருக்கிறது. விரலில் ஒட்டிய சிவப்பு சோப்பு போட்டுக் கழுவியும் முழுசாகப் போகவில்லை. நூடுல்ஸ் டப்பா வடிவத்திலேயே ஒரே கட்டியாக எழும்பி வந்தது. ஃப்ரைட் ரைஸில் சோயா சாஸ் உப்பு தவிர வேறு ருசி கிடையாது. சூப் ஒன்றுதான் நன்றாக இருந்தது, அதில் பாதி பையில் கொட்டிப்போயிருந்தது.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பிள்ளைகளுக்குத் தோசை வார்த்தாள். எனக்கு அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது.

15 ஜூன், ஞாயிறு

ஆப்பில் போட்டோவோடு புகார் கொடுத்தேன். வருந்துகிறோம் என்று ஒரு செய்தி, அடுத்த ஆர்டருக்கு 100 ரூபாய் கூப்பன், அதற்கும் கெடு தேதி. அப்புறம் உரையாடலை அவர்களே மூடிவிட்டார்கள்.

"சைனீஸ்னாலே இப்படித்தானே இருக்கும், எதுக்கு இவ்வளவு டென்ஷன்?" என்றார் இவர். இதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது. இது சீனாவிலிருந்து அப்படியே வந்த சாப்பாடு இல்லை. கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்கள் நம்ம ஊர் நாக்குக்காக மாற்றி மாற்றி வளர்த்தது. சிக்கன் மஞ்சூரியனை 1975 வாக்கில் மும்பை கிரிக்கெட் கிளப் சமையலறையில் முதலில் செய்தவர் நெல்சன் வாங் என்கிறார்கள், அவரும் கொல்கத்தாச் சீனர்தான். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் எல்லாம் நம்ம சமையலில் இருப்பவை, அதில் சோயா சாஸும் கார்ன்ஃப்ளாரும் சேர்ந்தது. ஐம்பது வருஷமாக நாம் சாப்பிட்டு வளர்ந்த ருசி எது சரி, எது சரியில்லை என்று நமக்குத் தெரியாதா?

இந்தக் கடையில் முன்பு டார்ஜீலிங்காரர் ஒருவர் மாஸ்டராக இருந்தார். வாசலிலேயே அடுப்பு. ஒரு பிளேட் சோறு போட்டு, தீ சட்டி விளிம்பைத் தாண்டி எழும்ப, இரண்டு மூன்று நிமிஷத்தில் பிரட்டி இறக்கிவிடுவார். சோறு முன்னாடியே வடித்து ஆறவைத்தது, அதனால் பருக்கை பருக்கையாக உதிரும். நேற்று வந்த சோறு சூடாக வடித்ததை அப்படியே போட்டது, அதுவும் நாலைந்து பிளேட்டுக்கு மொத்தமாகப் போட்டது. சட்டியில் அளவுக்கு மேல் போட்டால் சூடு இறங்கிவிடும், ஈரம் வெளியே போக வழியில்லாமல் சோறு வறுபடாது, மறுபடி வேகும். இது தெரிந்துகொள்ள மாஸ்டராக இருக்க வேண்டியதில்லை.

18 ஜூன், புதன்

சாயங்காலம் கடைக்கே போனேன். சண்டை போட இல்லை, கேட்காமல் இருக்க மனசு வரவில்லை. கல்லாவில் அதே அண்ணன்தான். போட்டோவைக் காட்டினேன், ரொம்ப நேரம் பார்த்தார்.

"பழைய மாஸ்டர் ஊருக்குப் போயிட்டார்மா. சனிக்கிழமை ஆன்லைன்ல ஒரே நேரத்துல மொத்தமா வந்து விழுது. கோபிய நாலு மணிக்கே பொரிச்சு வச்சுடறோம், ஆர்டர் வந்ததும் சாஸ்ல போட்டுப் பிரட்டறோம். வேற வழி?"

"சாஸைத் தனியா ஒரு சின்ன டப்பாவுல குடுங்கண்ணே. மூடியில ரெண்டு ஓட்டை போடுங்க, ஆவி வெளிய போகட்டும். அந்தக் கலர மொதல்ல நிறுத்துங்க."

கலர் பற்றிச் சொன்னதும் முகம் சுருங்கியது. சிவப்பாக இல்லாவிட்டால் பழசா என்று கேட்கிறார்களாம். கேட்கட்டுமே! பிப்ரவரி 2024இல் ரோடமின் பி என்ற துணிச்சாயம் இருந்ததால் நம்ம அரசாங்கம் பஞ்சுமிட்டாய்க்கே தடை போட்டது, அடுத்த மாதம் கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. இவர் கடையில் போடுவது என்ன பொடி என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியவில்லை, மொத்த வியாபாரியிடம் பாக்கெட்டில் வாங்குகிறாராம். அதைத்தான் பயமாக இருக்கிறது என்று நேராகவே சொன்னேன். காஷ்மீரி மிளகாய்த்தூள் போட்டாலே போதிய சிவப்பு வரும். விலை அதிகம்மா என்றார். பத்து ரூபாய் கூட்டிக்கோங்க, நான் தருகிறேன் என்றேன்.

22 ஜூன், ஞாயிறு

அக்கா நாளைக்குக் கிளம்புகிறாள். மதியமே போனில் சொல்லிவிட்டு, சாயங்காலம் கூட்டம் சேர்வதற்கு முன்னால் நானும் சின்னவனும் நேரில் போய் வாங்கி வந்தோம். கோபி தனி, சாஸ் தனி, கலர் இல்லை. பழுப்பாகத்தான் இருந்தது. வீட்டில் வாணலியைக் காயவைத்து, சாஸை ஊற்றி அது கொதித்ததும் கோபியைப் போட்டு ஒரு பிரட்டு, மேலே வெங்காயத்தாள். கடிக்கும்போது சத்தம் கேட்டது. சின்னவன் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

ஃப்ரைட் ரைஸ் மட்டும் இன்னும் தேறவில்லை, போன வாரத்து அதே உப்பு. புது மாஸ்டருக்குத் தீயைக் கண்டால் பயம் போலிருக்கிறது, சிம்மிலேயே கிண்டுகிறார். அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதுவரை சோறு எங்கள் வீட்டில், கோபி மட்டும் அங்கே.