கங்கா பாட்டு: அந்தக் கரகரப்பு வந்துவிட்டது

நேற்று சாயங்காலம் ஒருவழியாக வந்தேவிட்டது. இரண்டு குரலுக்கு நடுவே, யாரும் பாடாத ஒரு கரகரப்பு தானாகக் கிளம்பி அறை முழுக்க அதிர்ந்தது. பக்கத்து வீட்டில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமைதான்.

குரோஷியாவின் இமோட்ஸ்கி பக்கமும் போஸ்னியாவை ஒட்டிய மேற்கு ஹெர்சகோவினாவிலும் கூட்டாகப் பாடும் நாட்டுப்புறப் பாட்டான கங்காவைக் கேட்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். ஒருத்தி தனியாக எடுப்பாள். மற்றவர்கள் பாதியில் புகுந்து ‘கன் கன்’ என்று வெட்டுவார்கள். கடைசியில் எல்லாரும் ஒட்டியும் ஒட்டாமலும் பக்கத்துப் பக்கத்து சுரங்களில் நிற்பார்கள். அந்த நிற்கும் இடம்தான் எங்களைப் படுத்தி எடுத்தது. நாங்கள் மூன்று பேரும் கொஞ்சமாவது கர்நாடக சங்கீதம் கற்றவர்கள். சட்ஜத்தை (ஸ) ஒருத்தி பிடித்தால் மற்றவர்கள் தொண்டை தானாக அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு அடுத்த ரிஷபத்தில் (ரி) நில் என்றால் இரண்டு விநாடிதான், அப்புறம் வழுக்கிக் கீழே வந்துவிடும்.

கணக்கு இது. கீழ்க்குரல் 220 ஹெர்ட்ஸ். மேல்குரல் 233-இல் நின்றால் விநாடிக்கு 13 விம்மல் (இரண்டு சுரம் மோதி ஒலி ஏறி இறங்குவது), கேட்க அழுமூஞ்சியாக இருக்கிறது. 247-க்குப் போனால் 27, ஆனால் சுரங்கள் பிரிந்து தனித்தனியாகக் கேட்கின்றன. எங்களுக்கு வாய்த்தது 240 பக்கம், சுத்த ரிஷபத்துக்கும் (சின்ன ரி) சதுச்ருதி ரிஷபத்துக்கும் (பெரிய ரி) நடுவே. பியானோ கட்டையில் அந்த இடமே கிடையாது. விநாடிக்கு 20 விம்மல். தேள் கொட்டிய மாதிரி இருக்கிறது, அதுதான் வேண்டும்.

ஆனால் இடத்தைக் கண்டுபிடித்தது பாதி வேலைகூட இல்லை. இரண்டு குரலும் ஒரே பலத்தில் இருந்தால்தான் விம்மல் ஆழமாகும். ஒன்று தூக்கலாக இருந்தால் மற்றது வெறும் சுருதிப் பிசகு. கமகம், அசைவு எதுவும் கூடாது. உயிரெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் ‘அ’ என்று திறக்க, மாடி வீட்டு அக்கா ‘எ’ பக்கம் சாய்ந்தால் குரலோடு கூடவே எழும் மேல்சுரங்கள் உரசவே மாட்டேன் என்கின்றன. “வாயை இன்னும் திறங்கக்கா” என்று நான் கத்த, “நீ முதல்ல கொஞ்சம் அடங்குடி” என்று அவர் கத்த, அரை மணி நேரம் அதிலேயே போனது.

நேற்று வேலை செய்தது நின்ற விதம். அந்த ஊர்க்காரர்கள் தோளோடு தோள் ஒட்டி, பிறை மாதிரி வளைந்து நிற்பதை அழகுக்காக என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவரின் அதிர்வு உங்கள் கையில் ஏறுகிறது. காது குழம்பினாலும் உடம்பு பிடித்துக்கொள்கிறது.

டியூனர் செயலியை நம்ப வேண்டாம். ஒரு சுரத்தைத்தான் காட்டும், இரண்டு கொடுத்தால் முள் பேயாட்டம் ஆடும். போனில் பதிவு செய்வது அதைவிட மோசம். நீட்டிப் பிடித்த குரலை இரைச்சல் என்று நினைத்து மென்பொருளே அமுக்கிவிடுகிறது. இதற்காகவே ஒரு கைப்பதிவுக் கருவி வாங்கப் போனேன். கடைக்காரர் காற்றுத் தடுப்புப் பஞ்சு தனி விலை என்கிறார், அதுவும் கைவசம் இல்லையாம்.

எங்கள் கண் இப்போதே தெற்கு அல்பேனியா பக்கம் போய்விட்டது. அங்கே லாப் மக்களின் கூட்டுப் பாட்டுப் பாணியில் நாலு குரல்: எடுப்பவர், திருப்புபவர், எறிபவர், கீழே ஈசோ (தம்புரா மாதிரி விடாமல் ஒலிக்கும் சுரம்) பிடிப்பவர்கள். யுனெஸ்கோ 2005-லேயே அங்கீகரித்த பாட்டு. ‘எறிபவர்’ இடம் தனக்குத்தான் என்று அக்கா துண்டு போட்டுவிட்டார். நாலாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

கங்காவே இன்னும் முடியவில்லை என்பது வேறு விஷயம். கடைசியில் எல்லாரும் ஒரே வெட்டாக நிறுத்த வேண்டும், யாராவது ஒருத்தி அரை மூச்சு நீட்டிவிடுகிறோம். தொடக்கக் குரல் யார் என்பதும் பாக்கி. மூன்று பேருமே “நான் மாட்டேன்” என்கிறோம்.