இசிபிங்கோ மாரியம்மனுக்குத் தூபம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மாரியம்மனுக்குப் பெரிய திருவிழா புனித வெள்ளியன்று நடக்கிறது. ஊரிலிருந்து வருபவர்கள் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். காரணம் கரும்புத் தோட்டத்தில் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் வந்த முதல் கூட்டம் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் வந்து இறங்கினார்கள். தோட்டத்துத் துரைமார் சேர்ந்தாற்போல் லீவு விட்டது ஈஸ்டருக்குத்தான். கிடைத்த லீவில் ஆத்தாளுக்கு விழா எடுத்தார்கள், அதுவே வழக்கமாகிவிட்டது. ஈஸ்டரும் பௌர்ணமியை வைத்துக் கணக்கிடுவதுதான் என்பதால் பல வருடங்களில் பங்குனி உத்திரத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். அம்மனுக்கு இதில் ஆட்சேபம் இருந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த வருடம் எதிர்வீட்டு ஆயாவோடு டர்பனை அடுத்த இசிபிங்கோவில், ‘இசிபிங்கோ ரயில்’ என்ற பகுதியில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். ஆயாவின் பாட்டனார் கரும்பு வெட்ட வந்தவர். ஆயா பேசும் தமிழில் பாதி ஆங்கிலம், கொஞ்சம் ஜூலு, ஆனால் சாமி விஷயம் பேசினால் மட்டும் சுத்தத் தமிழ். கோயிலுக்கு முந்தின நாள் சாமான் வாங்க என்னையும் டர்பனின் வாரிக் சந்திப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே ஒரு மேம்பாலம் இருக்கிறது. விரைவுச்சாலைக்காகக் கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன பாலம். கார் ஓடவேண்டிய இடத்தில் இப்போது ஜூலு மக்களின் மூலிகைச் சந்தை. வேர், பட்டை, கிழங்கு என்று தரையெல்லாம் குவியல். அங்கேதான் இம்பெப்போ என்ற தூப மூலிகையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சாம்பல் பூத்த பச்சையில் மெல்லிய இலைகள், நுனியில் கடுகளவு மஞ்சள் பூக்கள், மொத்தமாகக் காயவைத்துக் கட்டுக்கட்டாகக் கட்டியிருந்தார்கள். விரலில் கசக்கினால் தேன் வாசனையோடு லேசாக ஒரு பச்சிலைக் காரம். ஜூலு வீடுகளில் முன்னோரிடம் பேசுமுன் இதைத்தான் கொளுத்துவார்கள். வட்டக் குடிசையில் வாசலுக்கு நேர் எதிரே, உள்கோடியில் இருக்கும் இடத்துக்கு உம்சாமோ என்று பெயர். அது முன்னோருக்கான இடம். அங்கே உடைந்த மண்சட்டி ஓட்டில் இம்பெப்போவை வைத்துப் பற்றவைத்து, புகை எழும்பியதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள். குறிசொல்லும் சங்கோமாக்களுக்கு இது இல்லாமல் வேலையே நடக்காது.

விற்ற அம்மாவை ஆயா “கோகோ” (ஜூலுவில் பாட்டி) என்று கூப்பிட்டார். அவர் ஆயாவை “மா” என்றார். இரண்டு பேருக்கும் எழுபது தாண்டியிருக்கும். ஆயா ஒரு கட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் பார்த்த பார்வைக்கு, “இது அடுத்த வீட்டுக்காரிக்கு. அவ புருஷன் செத்து வருஷம் ஆகுது” என்றார்.

கட்டி சாம்பிராணியும் குங்கிலியமும் விக்டோரியா தெரு மார்க்கெட்டில் வாங்கினோம். நம்மூரில் கம்ப்யூட்டர் சாம்பிராணி வந்த பிறகு, சாம்பிராணி என்றால் தீக்குச்சி வைத்ததும் தானே எரிவது என்றே பலர் நினைக்கிறார்கள். அசல் சாம்பிராணி ஒரு மரத்தின் பிசின். சுமத்ரா பக்கத்து மரங்களில் பட்டையைக் கீறிவிட்டால் பால் வடிந்து கட்டியாகும். குங்கிலியம் என்று நம் கடைகளில் கொடுப்பது பெரும்பாலும் சால் மரத்துப் பிசின். இரண்டுக்கும் தணல் வேண்டும்.

தணல் போடுவதில் ஆயா படு கறார். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது இறைச்சி வாட்டும் பிராய் அடுப்புக்கான கரி. அதில் சீக்கிரம் பிடிக்கவேண்டும் என்று எண்ணெய் ஏற்றிய ரகமும் உண்டு. அதைத் தூபக்காலில் போட்டால் அம்மன் சன்னதியில் பெட்ரோல் பங்க் வாசனைதான் வரும். ஆயா தேங்காய்ச் சிரட்டையைச் சுட்ட கரிதான் பயன்படுத்துவார். கரி முழுக்கச் சிவந்து மேலே சாம்பல் பூக்கும்வரை தொடமாட்டார். அந்தச் சாம்பலை ஊதிவிடவும் மாட்டார். சாம்பலுக்கு மேல் சாம்பிராணித் தூளைத் தூவினால் மெதுவாக உருகி, வெள்ளைப் புகை சுருள் சுருளாக எழும். செக்கச்செவேல் தணலில் நேரே போட்டால் கருகி, கண்ணைக் கரிக்கும் புகைதான் மிஞ்சும். அதற்குப் பிறகு வெண்கடுகு, மருதாணி விதை, காய்ந்த அருகம்புல். வெண்கடுகு படபடவென்று வெடிக்கும்போது ஆயா முகத்தில் ஒரு திருப்தி.

வெள்ளிக்கிழமை விடியுமுன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அதற்குள் கூட்டம் தெருவை அடைத்துவிட்டது. மஞ்சள் புடவை, பால்குடம், நேர்ந்துவிட்ட கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும் பையன்கள், ஓரத்தில் கூழுக்கு வரிசை. வேப்பிலைக்குப் பதில் சிரிங்கா கொத்துகள். வேம்புக் குடும்பத்து மரம்தான், நம்மூரில் மலைவேம்பு என்போம். வேம்பு எளிதில் கிடைக்காத தேசத்தில் கண்ணுக்கு நெருக்கமாக இருந்த இலையை அம்மனுக்கு வைத்துவிட்டார்கள். அதன் காயில் விஷம் உண்டு என்பதால் ஆயா அதைத் தோரணத்தோடு நிறுத்திவிடுவார், தணலில் போடமாட்டார்.

தூபம் காட்டும் நேரம் வந்தது. பூசாரி தூபக்காலைச் சுழற்ற, புகை கருவறையை மூடிக்கொண்டது. அம்மனின் முகம் தெரியவில்லை, மூக்குத்தி மட்டும் ஒரு நொடி பளிச்சென்றது. உடுக்கைச் சத்தம் ஏறியது. பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு அருள் வந்து, இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது புகையினாலா வேறெதனாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்தபோது ஆயாவிடம் கேட்டேன், “கெட்டது போகத்தானே ஆயா புகை போடறோம்?” ஆயா முறைத்தார். “எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க கண்ணு. நான் ஆத்தாளைக் கூப்பிடத்தான் போடறேன். விருந்தாளியைக் கூப்பிடற நேரத்துல யாரை விரட்டறது?”

யோசித்துப் பார்த்தால் பூஜை முறையும் ஆயா பக்கம்தான். பதினாறு உபசாரங்களில் தூபம் ஒன்று. தூபம், தீபம், பிறகு நைவேத்தியம் என்று வந்தவரை உபசரிக்கும் வரிசையில்தான் அது நிற்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருக்கடவூர் குங்கிலியக் கலய நாயனாரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பட்டினி, அரிசி வாங்க மனைவி தாலியைக் கழற்றிக் கொடுக்கிறாள், மனிதர் வழியில் குங்கிலிய மூட்டையைப் பார்த்ததும் தாலியைக் கொடுத்து அதை வாங்கிக் கோயிலுக்குப் போய்விடுகிறார். அவர் எந்தப் பேயையும் ஓட்டவில்லை, சுவாமிக்குப் புகை காட்டாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். (அந்த அம்மாள் அன்றிரவு என்ன நினைத்தாள் என்பது என் தனிக் கவலை. இறைவன் வீடு நிறைய நெல்லைக் குவித்ததால் தப்பித்தார்.) மண்சட்டி ஓட்டில் இம்பெப்போ வைப்பவர்களும் கூப்பிடத்தான் வைக்கிறார்கள். ‘நெகட்டிவ் எனர்ஜி போகும்’ என்று பாக்கெட்டில் அச்சடித்து விற்பவர்களுக்கு மட்டும் இது பிடிபடவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: இசிபிங்கோ டர்பனுக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். புனித வெள்ளியன்று காரை தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது, விடியுமுன் போனால் அம்மனை நின்று பார்க்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் தூப நேரத்தில் பிராகாரத்திலேயே நில்லுங்கள், புகை சாமிக்குக் காட்டியதானாலும் நுரையீரலுக்கு அது புகைதான். கோழி காவு பார்க்க மனம் இல்லாதவர்கள் பின்பக்கம் போகவேண்டாம். சாம்பிராணியை முந்தின நாளே வாங்கிவிடுங்கள், புனித வெள்ளியன்று நகரத்தில் பாதிக் கடை திறந்திருக்காது.